வெப் சர்வீஸில் ‘ஸ்கீமா மிஸ்மேட்ச்’: எல்லையோர பில்லிங் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையில் வாளையாறு, பொள்ளாச்சி, கம்பம், செங்கோட்டை, களியக்காவிளை. ஆந்திர எல்லையில் திருத்தணி, நகரி, ஆரம்பாக்கம். இந்த ஊர்களிலிருந்து சரக்கு அனுப்பும் நிறுவனங்களின் பில்லிங் மென்பொருள் தினமும் நாலைந்து வெளி சர்வர்களோடு பேசுகிறது. இ-வே பில், இ-இன்வாய்ஸ், லாரி புக்கிங், சரக்கு வாங்கும் கம்பெனியின் கொள்முதல் சிஸ்டம் என்று. அந்தப் பேச்சு முறியும்போது டெஸ்பாட்ச் ஊழியர்களும் புரோகிராமர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறோம். முதல் மூன்று கேள்விகளுக்குப் புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. “ஸ்கீமா வேலிடேஷன் ஃபெயில்டு”னு வருதுங்க. நெட் பிரச்சனையா, இல்ல அவங்க சர்வர் டவுனா?

இரண்டும் இல்லை. நீங்கள் அனுப்பியது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. படித்துப் பார்த்து, “நாங்கள் கேட்ட வடிவத்தில் இல்லை” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் திரும்பத் திரும்ப பட்டனை அழுத்துவதில் பயன் இல்லை. அதே செய்தி அதே காரணத்துக்காக அப்படியே திரும்பும்.

பதிலோடு வரும் எண்ணைப் பார்த்தே ஓரளவு பிரிக்கலாம். 400, 422 என்றால் உள்ளடக்கத்தில் கோளாறு. 415 என்றால் உள்ளடக்க வகையைச் சொல்லும் தலைப்பு தவறு, சோப் (எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் முறை) 1.1 கேட்கும் சர்வருக்கு 1.2 வடிவில் அனுப்பினால் இது அடிக்கடி வரும். 502, 503, 504 வந்தால்தான் நெட் பக்கமும் சர்வர் பக்கமும் பார்க்க வேண்டும். 500 மட்டும் ஏமாற்றும். சோப் 1.1 விதிப்படி எந்தப் பிழைச் செய்தியும் 500-ல்தான் வரவேண்டும், உங்கள் பில்லில் ஒரு புள்ளி தவறியிருந்தாலும் சரி. 500-ஐப் பார்த்ததும் “சர்வர் டவுன்” என்று லாரி டிரைவருக்குச் சொல்லிவிடாமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

2. டேட்டா மாடல்னா என்ன சார்? எங்க சாஃப்ட்வேர்ல பில் கரெக்டாத்தானே பிரிண்ட் ஆகுது?

பிரிண்ட் மனிதக் கண்ணுக்கு. “3-7-25” என்று அச்சிட்டால் நமக்குப் புரியும். எதிர்முனை சர்வருக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு: ஒவ்வொரு ஃபீல்டின் பெயர், அது எண்ணா எழுத்தா, எத்தனை எழுத்து வரலாம், கட்டாயமா இல்லையா, எந்தெந்த மதிப்புகள் மட்டும் செல்லும். அந்த ஒப்பந்தம்தான் டேட்டா மாடல், அதை எழுதி வைத்த கோப்புதான் ஸ்கீமா. சோப் சர்வீஸ் என்றால் அது டபிள்யூஎஸ்டிஎல், எக்ஸ்எஸ்டி கோப்புகளில் இருக்கும். ஜேசான் (எக்ஸ்எம்எல் போல இன்னொரு செய்தி வடிவம்) சர்வீஸ் என்றால் ஜேசான் ஸ்கீமாவாகவோ ஓப்பன் ஏபிஐ கோப்பாகவோ இருக்கும். சில இடங்களில் ஓர் எக்செல் அட்டவணை மட்டுமே தருவார்கள். உங்கள் மென்பொருளுக்கும் தனக்கென்று ஒரு மாடல் இருக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் விலகினால் அதுவே மிஸ்மேட்ச்.

3. எர்ரர் வந்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

உண்மையில் கம்பி வழியே போன செய்தியை. திரையில் தெரியும் பில்லையும் அல்ல, புரோகிராமின் கோடையும் அல்ல. கோடைப் பார்த்து “இதுதான் போயிருக்கும்” என்று ஊகிப்பதில்தான் பாதி நாள் போகிறது. புரோகிராமுக்கும் நெட்டுக்கும் நடுவே தேதியை மாற்றுவது, காலி ஃபீல்டை நீக்குவது, பெயரின் முதல் எழுத்தைச் சிறிதாக்குவது என்று யாரும் சொல்லாமலே வேலை பார்க்கும் லைப்ரரிகள் பல.

போன செய்தியை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். வந்த பதிலையும் தலைப்புகளோடு சேமியுங்கள். எந்த முகவரிக்கு அனுப்பினீர்களோ அதே சூழலின் ஸ்கீமாவை அன்றைக்கே இறக்குங்கள். பழைய ஃபோல்டரில் இருப்பதை நம்ப வேண்டாம். பிறகு நெட் இல்லாமலே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எக்ஸ்எம்எல் என்றால் எக்ஸ்எம்எல்லிண்ட் கருவியோ சோப்யூஐ-யோ போதும். பத்துப் பிழை வரிகள் வந்தால் முதல் வரியை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். மற்றவற்றில் பல அந்த முதல் பிழையின் எதிரொலியாகவே இருக்கும். இன்னொன்று: அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன் பாஸ்வேர்டு, டோக்கன், வாடிக்கையாளரின் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள்.

4. “அன்எக்ஸ்பெக்டட் எலிமென்ட்”ங்குது. ஸ்பெல்லிங் பத்து தடவை பார்த்தாச்சு, கரெக்டா இருக்கே?

பெயர் சரி, குடும்பப் பெயர் தவறு. எக்ஸ்எம்எல்லில் ஓர் எலிமென்ட்டின் முழு அடையாளம் நேம்ஸ்பேஸும் பெயரும் சேர்ந்தது. ஜாவாவில் வரும் அந்தப் பிழை வரியிலேயே ‘யூஆர்ஐ’ என்று ஒன்றும் ‘லோக்கல்’ என்று ஒன்றும் இருக்கும். எல்லோரும் லோக்கலைப் பார்க்கிறார்கள், கோளாறு யூஆர்ஐ-யில். அது இணைய முகவரி போலத் தெரிந்தாலும் வெறும் எழுத்துத் தொடர்தான். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும், ஹெச்டிடிபி என்பது ஹெச்டிடிபிஎஸ் ஆனாலும் அது வேறு நேம்ஸ்பேஸ்.

நேம்ஸ்பேஸும் சரி என்றால், ஸ்கீமாவின் தலையில் ‘எலிமென்ட் ஃபார்ம் டிஃபால்ட்’ என்ற பண்பைப் பாருங்கள். ‘குவாலிஃபைட்’ என்றிருந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு எலிமென்ட்டும் அந்த நேம்ஸ்பேஸில் இருக்க வேண்டும். ‘அன்குவாலிஃபைட்’ என்றிருந்தாலோ எதுவுமே எழுதியிருக்கவில்லை என்றாலோ வெளி எலிமென்ட்டுக்கு மட்டும் நேம்ஸ்பேஸ். உள்ளிருப்பவை வெறும் பெயரோடு. எக்ஸ்எம்எல்லைக் கையால் ஒட்டித் தயாரிக்கும் புரோகிராம்கள் இங்கேதான் சறுக்கும்.

5. எல்லா ஃபீல்டும் இருக்கு, ஆனாலும் “ஒன் ஆஃப் இஸ் எக்ஸ்பெக்டட்”னு வேற ஒரு பேரைக் கேட்குது. ஏங்க?

வரிசை. சிவிசி காம்ப்ளெக்ஸ் டைப் 2.4.ஏ என்று தொடங்கும் பிழை வரி இதுதான். ஸ்கீமாவில் ‘சீக்வென்ஸ்’ என்று இருந்தால் எலிமென்ட்டுகள் எழுதப்பட்ட வரிசையில்தான் வரவேண்டும். பிழை வரி “இங்கே இன்னது வந்திருக்க வேண்டும்” என்று காட்டும் பெயர் உங்கள் செய்தியில் நாலு வரி தள்ளி இருக்கும். ஜேசானில் இந்தத் தொல்லை கிடையாது.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. டேட்டா கான்ட்ராக்ட் சீரியலைசர், வரிசை எண் கொடுக்காத ஃபீல்டுகளை அகர வரிசையில் எதிர்பார்க்கும். வேறு வரிசையில் வந்தால் பிழை எறியாது. அந்த ஃபீல்டை வெறுமையாக விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 18-ஆம் கேள்வியில் இது மறுபடி வரும்.

6. ரப்பர் பில் போகுது. ஏலக்காய், மிளகு பில் மட்டும் ஹெச்எஸ்என் தப்புன்னு திரும்புது.

ஹெச்எஸ்என் என்பது சரக்கின் வகைக் குறியீடு: ஏலக்காய் 0908, மிளகு 0904, தேங்காயும் முந்திரியும் 0801, காபி 0901, தேயிலை 0902. ரப்பர் 4001. பூஜ்யத்தில் தொடங்குபவை மட்டும் திரும்புகின்றன என்றால் ஹெச்எஸ்என் எங்கோ ஓரிடத்தில் எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. எண் வகைக்கு முன்னால் வரும் பூஜ்யம் தேவையில்லை, உதிர்த்துவிடும். கேரளத்துச் சரக்கில் ஒன்பதாம், எட்டாம் அத்தியாயப் பொருட்கள் (09, 08-ல் தொடங்குபவை) நிறைய என்பதால் இந்தக் கோளாறு மற்ற ஊர்களைவிட இங்கே சீக்கிரம் வெளிப்படுகிறது. இரும்புக் கம்பி விற்பவருக்கு இது பல வருஷம் தெரியாமலே இருக்கலாம்.

சரிசெய்ய வேண்டிய இடம் சரக்கு மாஸ்டர் அட்டவணை. அதில் ஹெச்எஸ்என் நெடுவரிசையை எழுத்து வகையாக்குங்கள். ஏற்கெனவே உதிர்ந்தவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. பில்லில் போடும் குறியீடு 4, 6 அல்லது 8 இலக்கம், எப்போதும் இரட்டைப்படை. 3, 5, 7 இலக்கத்தில் ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் ஒரே ஒரு பூஜ்யம் போயிருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் 6 இலக்கம் தரவேண்டும் என்பதால் நீளத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அனுப்பும் நேரத்தில் மட்டும் பூஜ்யம் ஒட்டும் கோடு எழுதாதீர்கள். அடுத்த ரிப்போர்ட்டில் அதே கோளாறு வேறு வாசல் வழியாக வரும். சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து சேமித்தாலும் பூஜ்யம் உதிரும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கு எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகவே மாறிவிடும். சிஎஸ்வியைத் திறக்காதீர்கள், ‘டேட்டா இம்போர்ட்’ வழியாக எழுத்து வகை என்று சொல்லி உள்ளே எடுங்கள்.

7. தேதி ஒரே மாதிரிதான் அனுப்புறோம். மாசத்துல சில நாள் ஓகே, சில நாள் எர்ரர்.

13-ஆம் தேதி முதல் பிழை வருகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் நாளும் மாதமும் இடம் மாறிப் போகின்றன. 13 முதல் 31 வரை அப்படி ஒரு மாதம் இல்லாததால் பிடிபடுகிறது. 1 முதல் 12 வரை பிடிபடாமல் தவறான தேதியோடு உள்ளே போகிறது. பிழை வந்த பில்களைவிட, வராமல் போன பில்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

இ-வே பில்லும் இ-இன்வாய்ஸும் நாள்/மாதம்/வருடம் என்று கேட்கின்றன. எக்ஸ்எம்எல் தேதி வகையோ வருடம்-மாதம்-நாள். சர்வரை அமெரிக்க அமைப்பில் நிறுவியிருந்தால் ‘தேதியை எழுத்தாக்கு’ என்ற ஒற்றைக் கட்டளை மாதத்தை முன்னே வைக்கும். வடிவத்தை எப்போதும் கோடில் வெளிப்படையாகக் கொடுங்கள். சிஸ்டத்தின் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

சில நேரம் பிழைச் செய்தி வேறு கதை சொல்லும். 2025 ஜனவரி 1 முதல் 180 நாளுக்கு மேல் பழைய ஆவணத்துக்கு இ-வே பில் போட முடியாது. 2025 நவம்பர் 2-ஆம் தேதி பில் 11-02-2025 என்று போனால் அது 264 நாள் பழைய பில்லாகத் தெரியும். “காலம் கடந்த ஆவணம்” என்று பதில் வரும். எல்லோரும் விதியைப் பற்றி விவாதித்துக்கொண்டிருப்பார்கள்.

8. ஏப்ரல் 1 காலைல போட்ட பில் போன நிதியாண்டுல போய் விழுந்திருக்கே?

நேர மண்டலம். நம் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். தேதியை மட்டும் வைத்திருக்க வேண்டிய ஃபீல்டை தேதி-நேர வகையில் வைத்தால் ஏப்ரல் 1 நள்ளிரவு 00:00 என்று சேமிக்கப்படும். யுடிசிக்கு மாற்றும்போது அது மார்ச் 31 மாலை 18:30 ஆகிவிடும். மற்ற நாட்களில் ஒரு நாள் பிசகு. ஏப்ரல் 1 அன்று ஒரு வருடப் பிசகு. ஐஆர்என் (இ-இன்வாய்ஸின் தனி அடையாள எண்) என்பது விற்பவரின் ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் நான்கையும் சேர்த்துக் கணக்கிடுவது. நிதியாண்டு மாறினால் ஐஆர்என்னே வேறாகிவிடும்.

பில் தேதிக்கு நேரம் இல்லாத தேதி வகையைப் பயன்படுத்துங்கள். அந்த வகை இல்லாத பழைய மொழி என்றால் எழுத்தாகவே கொண்டுபோங்கள்.

9. டிரான்ஸ்போர்ட்டர் ஐடி இல்லைன்னு காலியா விட்டேன். காலியா விட்டாலும் தப்பா?

‘இல்லை’ என்று சொல்ல மூன்று வழிகள்: ஃபீல்டையே அனுப்பாமல் விடுவது, ஃபீல்டை அனுப்பி உள்ளே காலி எழுத்து வைப்பது, ‘நல்’ என்று வெளிப்படையாகச் சொல்வது. சர்வருக்கு இவை மூன்றும் வேறு வேறு. எக்ஸ்எம்எல்லில் ‘மின் ஆக்கர்ஸ்’ 0 என்று இருந்தால் ஃபீல்டை விட்டுவிடலாம். ‘நில்லபிள்’ என்று குறித்திருந்தால் மட்டுமே எக்ஸ்எஸ்ஐ-நில் வைத்து நல் அனுப்பலாம். எண் வகை ஃபீல்டைத் திறந்து உடனே மூடிக் காலியாக அனுப்பினால், காலி எழுத்து ஓர் எண் அல்ல என்று திரும்பும். ஜேசானில் குறைந்தபட்ச நீளம் குறித்திருக்கும் ஸ்கீமாக்கள் காலி எழுத்தை “குறைந்தபட்ச நீளம் இல்லை” என்று தள்ளும். ஃபீல்டே இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளும்.

பூஜ்யம் இந்த மூன்றிலும் சேராது. தூரத்துக்கு 0 அனுப்பினால் பின்கோடுகளை வைத்து நீயே கணக்கிடு என்று பொருள். ஜாவாவின் அடிப்படை எண் வகைகளில் மதிப்பு தராவிட்டால் தானாகவே 0 வரும். அதாவது நீங்கள் சொல்லாததைப் புரோகிராம் உங்கள் சார்பில் சொல்லிவிடும். அந்த இடங்களில் ‘நல்’ ஏற்கும் வகையை வையுங்கள்.

10. பத்து அயிட்டம் இருந்தா போகுது, ஒரே ஒரு அயிட்டம் பில்லு மட்டும் அடிவாங்குது!

எக்ஸ்எம்எல்லை ஜேசானாக மாற்றும் பொதுக் கருவி எங்கோ நடுவில் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு எலிமென்ட் வந்தால் பட்டியல் என்று அதற்குத் தெரியும். ஒன்று மட்டும் வந்தால் தனிப் பொருளாக மாற்றிவிடும். எதிர்முனையோ ஒன்றே இருந்தாலும் பட்டியலைக் கேட்கிறது. மாற்றும் கருவிக்கு “இந்த ஃபீல்டு எப்போதும் பட்டியல்” என்று சொல்லும் அமைப்பு பெரும்பாலும் உண்டு. சோதனைக்கு எப்போதும் பூஜ்யம், ஒன்று, பல அயிட்டம் என மூன்று பில்களை வைத்துக்கொள்ளுங்கள்.

11. ஒரு பைசா வித்தியாசத்துக்கெல்லாம் ரிஜெக்ட் பண்ணுவாங்களா?

சில சர்வர்கள் சிறு வித்தியாசத்தைப் பொறுக்கும், வாங்குபவரின் கொள்முதல் சிஸ்டங்கள் பலவும் பொறுக்காது. எவ்வளவு பொறுக்கும் என்று தேடுவதைவிட பைசா எங்கே பிறக்கிறது என்று தேடுவது நல்லது.

1,005 ரூபாய்க்கு 2.5 சதவீதம் 25.125. டாட்நெட்டின் இயல்பான முழுமையாக்கல் சரிபாதியில் இரட்டைப்படைப் பக்கம் சாயும்: 25.12. நாம் பள்ளியில் படித்த முறையில் 25.13. மாநிலத்துக்குள் விற்றால் வரும் எஸ்ஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி இரண்டும் சேர்ந்தால் ஒரு பக்கம் 50.24, மறு பக்கம் 50.26. அதே சரக்கு வாளையாறு தாண்டினால் ஐஜிஎஸ்டி 5 சதவீதம் 50.25. மூன்றும் ‘சரி’தான், இரு முனைகளும் ஒரே முறையைப் பின்பற்றவில்லை என்பதுதான் சிக்கல். முழுமையாக்கல் முறையைக் கோடில் பெயர் சொல்லிக் கொடுங்கள். அயிட்டம் வாரியாக முழுமையாக்கிப் பிறகு கூட்டுவதா, கூட்டிப் பிறகு முழுமையாக்குவதா என்பதையும் எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். பணத்துக்கு டபுள் வகை கூடாது, டெசிமல் மட்டுமே.

சாப் என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளிலிருந்து வரும் கழிவுத் தொகையில் கழித்தல் குறி எண்ணுக்குப் பின்னால் வரலாம், 100.00- என்று. கிரெடிட் நோட்டு மட்டும் அடிவாங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

12. மாஹிக்கு பில் போட்டா “பின்கோடு மாநிலத்தோட சேரல”ங்குது. பின்கோடு கேரளாதானே?

மாஹியின் பின்கோடு 673310. சுற்றிலும் கேரளம், தபால் வரிசையும் கேரளத்துடையது. ஆனால் ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசம், மாநிலக் குறியீடு 34. பின்கோடின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து மாநிலத்தை நிரப்பும் புரோகிராம் 32 என்று போடும், வாடிக்கையாளரின் ஜிஎஸ்டிஐஎன் 34-ல் தொடங்கும், இரண்டும் மோதும். ஆந்திரப் பக்கம் யானம் இதே கதை: பின்கோடு 533464, குறியீடு 34. லட்சத்தீவின் கவரத்தி 682555, எர்ணாகுளம் வரிசை, குறியீடு 31. தமிழ்நாட்டு வரிசைக்குள் புதுச்சேரியின் 605-ம் காரைக்காலின் 609-ம் இருக்கின்றன. பின்கோடிலிருந்து மாநிலத்தை ஊகிக்கும் கோடு எதுவும் இந்தப் பகுதியில் நிற்காது. முழு ஆறு இலக்கத்துக்கும் மாநிலம் சொல்லும் அட்டவணை வையுங்கள்.

மாநிலம் தவறினால் வரியும் தவறும். கோழிக்கோட்டிலிருந்து மாஹிக்குப் போவது மாநிலம் தாண்டும் விற்பனை, ஐஜிஎஸ்டி.

ஆந்திரத்துக்கு 37. பழைய மாஸ்டர் அட்டவணைகளில் 28 இருக்கும். அது 2014-ல் தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரத்தின் குறியீடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலை அப்படியே ஏற்றியவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கேரளம் 32, தமிழ்நாடு 33, கர்நாடகம் 29.

13. சித்தூருக்குப் போட்ட லோடு வேற சித்தூர் கணக்குல காட்டுதுங்க.

பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூர் 678101. ஆந்திரச் சித்தூர் 517001. ஆங்கில எழுத்துக்கூட்டில் மெல்லிய வேறுபாடு உண்டு, ஆனால் டைப் செய்பவர் அதைக் காப்பாற்றுவார் என்று எந்தச் சிஸ்டமும் நம்பக்கூடாது. ஊர்ப் பெயரைச் சாவியாக வைத்து இரண்டு அட்டவணைகளை இணைப்பதுதான் மூல நோய். கொச்சி, கொச்சின், எர்ணாகுளம் என்று ஒரே இடத்துக்கு மூன்று பெயர் இருப்பதும் அதே நோயின் மறுபக்கம். பின்கோடும் மாநிலக் குறியீடும் சேர்ந்தது சாவி. ஊர்ப் பெயர் அச்சிட மட்டும்.

மாவட்டம் கேட்கும் சர்வீஸ்களில் இன்னொரு கண்ணி. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. தடாவுக்கு அடுத்த சூலூர்பேட்டை நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. உங்கள் பட்டியலும் எதிர்முனைப் பட்டியலும் வெவ்வேறு வருடத்தவை என்றால் “செல்லாத மதிப்பு” என்று திரும்பும்.

14. வண்டி நம்பர், பில் நம்பர்லயும் ஃபார்மேட் இருக்கா?

இருக்கிறது. வண்டி எண்ணில் இடைவெளி, இணைப்புக்கோடு எதுவும் கூடாது. நம்பர் பிளேட்டில் ‘கேஎல் 9’ என்று எழுதியிருந்தாலும் 09, கடைசி எண் 123 என்றால் 0123. பில் எண் 16 எழுத்துக்குள். எழுத்து, எண், சாய்கோடு, இணைப்புக்கோடு மட்டும். இ-இன்வாய்ஸுக்கு பூஜ்யத்திலோ சாய்கோட்டிலோ இணைப்புக்கோட்டிலோ பில் எண் தொடங்கக்கூடாது. அளவை அலகுக்கும் நிலையான பட்டியல் உண்டு: கிலோவுக்கு கேஜிஎஸ், குவிண்டாலுக்கு க்யூடிஎல், எண்ணிக்கைக்கு என்ஓஎஸ். ‘கிலோ’, ‘கேஜி’ என்று உங்கள் கடைப் பழக்கத்தில் எழுதினால் செல்லாது.

15. பேரை தமிழ்ல, மலையாளத்துல அனுப்பினா கேள்விக்குறியா வருது. சில சமயம் நீளம் அதிகம்ங்குது.

வெறும் கேள்விக்குறிகள் என்றால் டேட்டாபேஸ் நெடுவரிசை யூனிகோடு வகையில் இல்லை; எஸ்க்யூஎல் சர்வரில் பொதுவாக வார்கேர் இருக்கும் இடத்தில் என்வார்கேர் வேண்டும். அங்கே எழுத்து நிரந்தரமாகத் தொலைந்துவிட்டது, பின்னால் மீட்க முடியாது. கிறுக்கலாகத் தெரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது: யுடிஎஃப்-8 ஆக அனுப்பியதை வேறு குறிமுறையில் படிக்கிறார்கள். தலைப்பில் குறிமுறையைச் சொல்லுங்கள்.

நீளத்தில் மூன்று கணக்கு. ‘திருவனந்தபுரம்’ நமக்கு 9 எழுத்து, யூனிகோடில் 14 குறி, யுடிஎஃப்-8ல் 42 பைட்டு. ஆரக்கிளில் நீளம் இயல்பாக பைட்டில் அளக்கப்படும். 40 என்று வைத்த நெடுவரிசையில் திருவனந்தபுரம் நுழையாது.

ஒரே மாதிரி தெரியும் இரு பெயர்கள் பொருந்தாவிட்டால் உள்ளே குறிகள் வேறு. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்கினால் இது தீரும். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு அது போதாது. 2008-ல் வந்த யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறிகள் கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பானும் சேர்த்து எழுதினார்கள். இந்த இரண்டையும் என்எஃப்சி ஒன்றாக்காது. உங்கள் கோடில் தனியாக மாற்ற வேண்டும்.

16. டெஸ்ட்ல நூறு பில் போச்சு. ப்ரொடக்‌ஷன்ல முதல் பில்லே விழுது!

இரண்டு சூழலிலும் ஒரே ஸ்கீமா என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டின் ஸ்கீமாவையும் இறக்கி அருகருகே வைத்து வேறுபாடு பாருங்கள். டபிள்யூஎஸ்டிஎல் உள்ளே இறக்குமதி செய்யும் எக்ஸ்எஸ்டிகளையும் சேர்த்து. முகவரியில் பதிப்பு எண் இருந்தால் அதையும். பிறகு உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் செய்தியை வாங்கிக் கடத்தும் கேட்வே: சில கேட்வேகள் பழைய ஸ்கீமாவை நினைவில் வைத்து அவையே செய்தியைத் தள்ளும், சர்வருக்கு அது போயே சேராது. பதிலின் தலைப்பில் யார் பேசுகிறார்கள் என்று தெரியும். ஸ்கீமா மாறியிருந்தால் அதிலிருந்து கருவி தானாக எழுதித் தரும் ஸ்டப் கிளாஸ்களை மறுபடி உருவாக்குங்கள். உருவாக்கிய கோப்பில் கையால் திருத்தம் செய்யும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், அடுத்த முறை உருவாக்கும்போது அத்தனையும் அழியும்.

17. அவங்க புதுசா ஒரு ஃபீல்டு சேர்த்தாங்க. எங்க ஆப் படுத்துடுச்சு. அவங்க தப்புதானே?

பாதி உங்கள் தப்பு. கட்டாயமில்லாத புதிய ஃபீல்டைச் சேர்ப்பது பொதுவாக ஒப்பந்த மீறல் அல்ல. ஜாவாவில் ஜேசானைப் படிக்கும் ஜாக்சன் லைப்ரரியின் 2.x பதிப்புகள் தெரியாத ஃபீல்டைக் கண்டால் இயல்பாகவே பிழை எறியும். பதில்களைப் படிக்கும் இடத்தில் அதை அணைத்துவிடுங்கள். ஆனால் அணைத்ததோடு நிற்காமல் தெரியாத ஃபீல்டின் பெயரை லாகில் எழுதுங்கள். பெயர் மாற்றுவது, வகை மாற்றுவது, கட்டாயமாக்குவது, பட்டியலிலிருந்து ஒரு மதிப்பை நீக்குவது ஆகியவை உண்மையான உடைப்பு. அதற்கு அவர்கள் புதிய பதிப்பு தரவேண்டும். நிலைகளின் பட்டியலில் புது மதிப்பு சேர்ப்பது இரண்டுக்கும் நடுவில். ‘தெரியாத நிலை’ என்று ஒரு கிளை உங்கள் கோடில் இருந்தால் தப்பிப்பீர்கள்.

18. எர்ரரே வரல சார். சக்சஸ்ங்குது. ஆனா டேட்டா காணோம்.

இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே மோசமான வகை இதுதான். பிழை வந்தால் அரை மணி நேரத்தில் முடியும். இது மாத முடிவில் கணக்கு ஒத்துப்போகாதபோதுதான் தெரியும். வரிசைக் கோளாறு (கேள்வி 5), தெரியாத ஃபீல்டைப் புறக்கணிப்பது (கேள்வி 17) இரண்டும் முதல் சந்தேகம். 17-ல் சொன்ன லாக் இல்லையென்றால் ஃபீல்டின் எழுத்துப்பிழைகூட ‘தெரியாத ஃபீல்டு’ ஆகி அமைதியாகப் புதைந்துவிடும்.

அடுத்து எழுத்தின் உருவம். டாட்நெட்டின் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசானை நேரடியாக அழைத்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும். ஏஎஸ்பி டாட்நெட் கோர் வழியாக வரும்போது பார்க்காது. பழைய நியூட்டன்சாஃப்டும் பார்க்காது. அதிலிருந்து மாறியவர்களுக்கு ஃபீல்டுகள் காணாமல் போகும். ஜாக்சன் 2.x பதிப்புகளில் ஒரு விசித்திரம்: ஒரு சிறிய எழுத்துக்குப் பின் உடனே பெரிய எழுத்து வரும் பெயர்கள், ‘இ-வே’ என்று தொடங்கும் ஃபீல்டுகளைப் போல. கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் ஃபங்ஷன்) பெயரிலிருந்து ஊகிக்கும்போது முன்னால் அடுத்தடுத்து நிற்கும் பெரிய எழுத்துகள் எல்லாவற்றையும் அது சிறிதாக்கிவிடும். அப்படிப்பட்ட ஃபீல்டுகளுக்குப் பெயரை வெளிப்படையாகக் குறியுங்கள்.

கடைசியாகச் சேமிப்பு. ஐஆர்என் 64 எழுத்து. 50 எழுத்து மட்டும் ஏற்கும் நெடுவரிசையில், எச்சரிக்கை அணைக்கப்பட்ட டேட்டாபேஸில், மீதி வெட்டப்பட்டுச் சேரும். பரிசோதனை எளிது: ஒவ்வொரு ஃபீல்டிலும் தனித்த, அதிகபட்ச நீள மதிப்பு வைத்து ஒரு பில் அனுப்பி, அதையே திரும்ப எடுத்து, ஃபீல்டுக்கு ஃபீல்டு ஒப்பிடுங்கள்.

19. “டூப்ளிகேட் ஐஆர்என்”, 2150னு வருது. ஆனா எங்க சிஸ்டத்துல அந்த பில்லுக்கு ஐஆர்என்னே இல்லையே?

முதல் முறை அனுப்பியபோதே அங்கே பதிவாகிவிட்டது. பதிலை உங்கள் புரோகிராம் படிக்கத் தெரியாமல் விழுந்தது. அல்லது பதில் வருவதற்குள் நேரம் முடிந்தது. இந்த ஏபிஐயின் பதிலில் ‘டேட்டா’ ஃபீல்டு ஒரு பொருள் அல்ல, மறைகுறியாக்கப்பட்ட எழுத்துத் தொடர். அதை அவிழ்த்தால் கிடைப்பது ஜேசான் எழுத்து. அதை மறுபடி பிரிக்க வேண்டும். பிழை நேரத்தில் அதே ஃபீல்டு வெறுமையாக வரும். உங்கள் மாடலில் அதைப் பொருளாக எழுதியிருந்தால் வெற்றிதான் உங்களுக்குப் பிழையாகத் தெரியும்.

பில் எண்ணோடு ஒரு எழுத்துச் சேர்த்து மறுபடி அனுப்பும் வேலை வேண்டாம். ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ் ஆகிவிடும், 24 மணி நேரத்துக்குப் பிறகு அதை ரத்து செய்யவும் முடியாது. ஆவண எண், வகை, தேதியைக் கொடுத்து ஐஆர்என்னைத் திரும்பப் பெறும் அழைப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். படிப்பதற்கு முன்பே மூலப் பதிலைச் சேமிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் தேவைப்படாது.

20. அவங்க எங்களைச் சொல்றாங்க, நாங்க அவங்களைச் சொல்றோம். யார் பக்கம்னு எப்படி முடிவு பண்றது?

3-ல் சேமித்த செய்தியை அவர்கள் வெளியிட்ட ஸ்கீமாவோடு, அவர்கள் மென்பொருளும் உங்கள் மென்பொருளும் இல்லாத மூன்றாவது கருவியில் சரிபாருங்கள். விழுந்தால் உங்கள் பக்கம். தேறியும் சர்வர் தள்ளினால், 12, 14-ல் சொன்னது போல ஸ்கீமாவில் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. அல்லது ஓடும் பதிப்பும் வெளியிட்ட பதிப்பும் வேறு. இரண்டுமே அவர்கள் பதில் சொல்ல வேண்டியவை.

டிக்கெட்டில் “போகவில்லை, சீக்கிரம் பாருங்கள், வண்டி நிற்கிறது” என்று எழுதினால் முதல் பதில் வரவே ஒரு நாள் ஆகும். அனுப்பிய நேரம் நொடி வரை, இந்திய நேரமா யுடிசியா என்ற குறிப்போடு, ரிக்வெஸ்ட் ஐடி, முகவரியும் ஸ்கீமா பதிப்பும், மறைக்க வேண்டியதை மறைத்த மூலச் செய்தி, மூலப் பதில். அதோடு அதே நாளில் தேறிய ஒரு பில்லையும் தேறாத ஒரு பில்லையும், இடையில் ஒரே ஒரு ஃபீல்டு மட்டும் மாறும்படி செய்து, ஜோடியாக இணையுங்கள். அந்த ஜோடி இருந்தால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் திருப்பிக் கேட்க எதுவும் இருக்காது.